பதினெட்டு நாள் வித்தியாசம்

கடந்த நவம்பர் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. அரியாங்குப்பத்தில் என் வீட்டு முன்னறையில் என் அக்கா ஆண்டவரிடம் சென்றார். வயது எழுபத்தொன்பது ஆண்டு, மூன்று மாதம், இருபத்திரண்டு நாள். இம்முறை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

அக்கா பிறந்தது புதுச்சேரி நகரத்தில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. கன்னியர் மடத்தில் பூவேலை கற்று, அந்தக் கூலியில் என்னைப் படிக்கவைத்தார். புதுச்சேரி மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலை ஸ்டோரில் நான் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்ததற்கு அவருடைய ஊசிதான் காரணம்.

அத்தான் மறைந்தபின், அவர்கள் முப்பத்தெட்டு ஆண்டு குடியிருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போவதாக உரிமையாளர் சொன்னார். பிரான்சிலுள்ள ஒரே மகள், "இங்கியே வந்துடும்மா" என்று அழைத்தாள். விசா மனுவை நிரப்பியது நான்.

எங்கள் குடும்பத்தில் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. ஞானஸ்நானம் பெற்ற நாளில்தான் பாயசம். அக்காவுக்கு அது ஆகஸ்டு பதினைந்து, மாதா திருநாள். பழக்கத்தில் அதையே பிறந்த தேதியாக எழுதிவிட்டேன். பாஸ்போர்ட்டில் இருந்ததோ ஜூலை இருபத்தெட்டு. மனு நிராகரிக்கப்பட்டது. அதற்குள் அக்கா வீட்டைக் காலி செய்து, நான்கு பெட்டிகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். என் மனைவி இறந்து அப்போது இரண்டு ஆண்டு.

"என்னடா போட்டிருக்கு?"

கடிதம் பிரெஞ்சில் இருந்தது. மடத்தில் படித்த பிரெஞ்சு அக்காவுக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். "தேதியில ஏதோ குழப்பமாம். ஆபீசுல பண்ண தப்புக்கா" என்று பொய் சொன்னேன்.

"சரி, உடு. ஆண்டவரு இந்தப் பக்கம் போகாதன்றாரு. எந்தப் பக்கம்னு அவரே காட்டுவாரு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனார்.

எனக்குத்தான் நிம்மதியில்லை. வீடும் போய், மகளும் எட்டாமல் அவர் நிற்பது என்னால்தானே? மறுபடி மனு போடலாமா என்று பதினொரு முறை கேட்டேன்.

"பெட்டிய ஏன்டா தெனம் எண்ற? நாலுதான் இருக்கு, குட்டி போடாது. பொறு."

கடிதம் வந்த நாற்பத்தோராம் நாள் நண்பகல், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்து, சர்க்கரை இறங்கி, துணி உலர்த்திய இடத்திலேயே மயங்கி விழுந்தேன். என் வாயில் சர்க்கரையைத் தேய்த்து, எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கூவி அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அக்கா. வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் திரும்பி வந்த அன்றே பெட்டிகளைத் திறந்து, புடவைகளை என் அலமாரியில் அடுக்கினார்.

மகள் போனில் அழுதாள். "உங்க மாமனுக்கு எண்ணத் தெரியும், திங்கத் தெரியாது. நீ லீவுல வா" என்றார் அக்கா. அவளும் நான்கு முறை வந்தாள். எங்கள் தெருவில் ஏழு பெண்கள் அக்காவிடம் பூவேலை கற்றார்கள்.

கடந்த அக்டோபரில் அவர் படுத்த படுக்கையானபோது எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, அந்தத் தேதி... ஆபீசு தப்பு இல்ல. நான் எழுதுனது."

"தெரியும்டா."

"எப்போ?"

"கடுதாசி வந்த அன்னிக்கே எடுத்துப் படிச்சேன். பாயசத் தேதியப் போட்டிருந்தியே! ஸ்டோர்ல உன்ன எப்படித்தான் வச்சிருந்தாங்களோ." சிரிப்பில் இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா மறுநாளே திருத்தி அனுப்பிட்டிருப்ப. நானும் பிளேன் ஏறியிருப்பேன். எதுக்கு நிறுத்துனாருன்னு நான் பாக்க வேணாமா? நீ தொணி காயப்போட்ட எடத்துல உழுந்த அன்னிக்குப் பாத்துட்டேன்."

அன்று எனக்காக வந்த ஆட்டோக்காரருக்கும், வாரந்தோறும் நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், அக்காவின் கடைசித் துணியில் பூவேலை செய்து போர்த்திய ஏழு பெண்களுக்கும், முப்பத்தொரு மணி நேரத்தில் வந்து சேர்ந்த மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்பது ஆண்டு நான்கு மாதம் அக்கா கையால் சாப்பிட்டேன். அந்த மனுவுக்குக் கட்டணம், படம், நகல், தபால் எல்லாம் சேர்த்து நான் செலவழித்து, திரும்பக் கிடைக்காமல் போனது ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.