தீட்டுக் கையால் தொட்டேன்

1991, ஆடி மாசம். பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வாரம். கூழ் காய்ச்சும் அடுப்பருகே மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத்தான் இடம். கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலோடு இருக்க வேண்டும். இடையில் தீட்டுக்காரி யாராவது தொட்டுவிட்டால், காப்பை அவிழ்த்துவிட்டு அந்த வருஷத்துக்கு ஒதுங்கிவிட வேண்டும்.

எனக்குப் பொங்கலோடு நின்றிருந்தது. நான் வேலை செய்த கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் 'ரிட்டயர் ஆகிவிட்டேன்' என்று மிட்டாய்கூடக் கொடுத்தேன். வாய் சும்மா இருக்குமா, காப்புக் கட்டவும் பேர் கொடுத்துவிட்டேன்.

பல வருஷமாக அடுப்படி அதிகாரம் என் வீட்டுக்காரரின் அக்காவிடம். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமே, மெய்யாலுமே நின்னுட்சா? அம்மன் காரியம், வெளாட்டு இல்ல."

"இனிமே வராது அண்ணி. அதுக்கு வழியே மறந்துபோயிருக்கும்."

காப்புக் கட்டி இரண்டு நாள்தான். இடுப்பு பழையபடி கடுக்க ஆரம்பித்தது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும். எழுந்தால் மறைவாகப் போய்ப் பார்க்கத் தோன்றும். திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்தது. கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "சாமி வரப்போவுது போலகீது" என்று ஒருத்தி என் கையில் வேப்பிலையைத் திணித்தாள். சாமி வரவில்லை. வந்தது வேறு.

அண்ணியைக் கோயிலுக்குப் பின்னால் கூப்பிட்டு, எட்ட நின்றபடியே சொன்னேன். திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். அவரோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு இது வர்ற வயசுதான்மே. எனக்கு நின்னு எத்தினி வருசம் ஆவுது. இப்ப கொஞ்ச மாசமா மறுபடி பட்டுக்கினே கீது."

"யார்கிட்டயும் சொல்லலியா அண்ணி?"

"சொன்னா அந்த அடுப்பாண்ட நிக்கவுடுவாங்களா?"

சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் காட்டலாம் என்றேன். கூழ் முடியட்டும் என்றார். பிறகு தீமிதி முடியட்டும் என்றார். தீமிதி முடிந்தால் இன்னொன்று வரும். இவர் போகவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது.

அண்ணி அடுப்புக்குத் திரும்பினார். நானும் பின்னாலேயே போய், எல்லோரும் பார்க்க அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தீட்டாயிடுச்சு" என்றேன்.

துடைப்பம் வராத குறைதான். "வாய்க்கொழுப்பு எடுத்தவளே, அந்தம்மாவையும் கெடுத்துட்டியே" என்று எனக்குத்தான் அர்ச்சனை. அண்ணி காப்பை அவிழ்த்து வேப்பமரத்தடியில் போட்டார். பிடித்த கையோடு நேராக நர்சம்மாவிடம் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கையையும் விடவில்லை.

நர்சம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வருஷம் முழுசாக வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்காம். அதுவரை விட்டுவிட்டு வருமாம். மிட்டாய் கொடுத்ததை நான் சொல்லவில்லை. அண்ணியிடம் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருமுறை முழுசாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்று, மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

கர்ப்பப்பையில் புற்றுநோய் தொடங்கியிருந்தது. எடுத்துவிட்டார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னபோது அண்ணி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆடிக்கு அவர் மறுபடி அடுப்பருகே நின்றார். நான் வெளியே வெங்காயம் உரித்தேன். என்னை அந்தப் பக்கம் விடவில்லை. "உன் மானம் போனத மட்டும் எழுதாத, என்னுதையும் சேத்து எழுது" என்று அவர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். இப்போதெல்லாம் எந்தப் பெண்ணாவது 'எனக்கு நின்றுவிட்டது' என்றால், 'அப்புறம் எப்போதாவது பட்டதா?' என்று வெட்கமில்லாமல் கேட்டுவிடுகிறேன். பேர் கெட்டவளுக்கு இந்த ஒரு வசதி உண்டு.