வயிற்றை ஒப்படைத்த நாள்

கிடங்குக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவளை எல்லோரும் 'ஸ்டோரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். புருஷனுக்கு ராணுவக் கிடங்கில் வேலை. பூட்ஸ், போர்வை, கூடாரம், கரண்டி எல்லாம் அவர் கைக்கு வந்து அவர் கையிலிருந்துதான் போகும். அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வது யாரென்று தெரியாமல் ஒரு குண்டூசியைக்கூட வாசல் தாண்ட விடமாட்டார். வீட்டிலும் அதே லட்சணம்தான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் கடன் கேட்டால், "வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க" என்று பிடியை விடாமல் நிற்பார். அவள் வெட்கத்தோடு சொல்லிவிட்டு ஓடுவாள். இவள் உள்ளே தையல் மெஷின்மேல் சாய்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரிப்பாள்.

வயிறு என்றால் சும்மா வயிறில்லை, எட்டு மாத வயிறு. அது முன்னே போகும், அவள் பின்னே போவாள். குடியிருப்பில் பாதிச் சிப்பாய்களின் காற்சட்டைக்கு இடுப்பு பிடித்துக் கொடுத்தவள், இப்போது தன் உடுப்பையே ஓயாமல் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். அதிலும் அவளுக்குக் கொண்டாட்டம்தான்.

நேரம் பார்த்து வந்து சேர்ந்தது மாற்றல் உத்தரவு. அவள் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி வயிற்றோடு ஊர் மாறினாள். புது ஊர் ஆஸ்பத்திரியில் பழைய ஊர் டாக்டர் கொடுத்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசா பதியணும், அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அந்த வாரம் வருவதற்குள் கால் வீங்கி, ரத்த அழுத்தம் எகிறி, அவள் நினைவு தப்பிக் கிடந்தபோது வயிற்றிலேயே அடங்கிய பிள்ளையை எடுத்தார்கள். பையன். அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து 'அடுத்த வாரம்' என்று யார் சொன்னாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். துணி தைக்கக் கொடுத்தவர்களிடம்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நாளைக்கு என்பாள், இல்லை முடியாது என்பாள்.

இந்தத் தடவையும் அழுத்தம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. "போகலாம். ஆனா போய் இறங்கின கையோட காட்டிடணும்" என்றார் டாக்டர். யாரிடம் காட்டுவது? அதை ஒருத்தரும் சொல்லவில்லை.

புறப்படும் நாள் காலையில் வீட்டைத் திருப்பி ஒப்படைக்கும் கூத்து நடந்தது. வந்த அதிகாரி விளக்கு, குழாய், ஜன்னல் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். கிடங்குக்காரர் வாசலில் புது ஊருக்குப் போகவேண்டிய ஒரு மின்விசிறியை வைக்கோல் சுற்றிக் கட்டிவிட்டுப் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஃபேன் ஒண்ணு வருது. வாங்கிக்க ஆள் யாரு? ஆள் இல்லன்னா ஃபேன் இங்கேர்ந்து நகராது, ஆமா!"

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடையைக் கட்டினாள். பிரசவப் பகுதி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், என்னை ஒப்படைங்க."

"என்னம்மா உளறுற?" என்றாள் சிஸ்டர்.

"ஃபேனை வாங்கிக்க அங்க ஆள் இருக்கு. என்னை வாங்கிக்க யாரு இருக்கா? அது தெரியாம நான் எந்திரிக்க மாட்டேன்."

"அதான் டாக்டர் லெட்டர் குடுத்திருக்காரே."

"போன தடவையும்தான் குடுத்தாங்க. லெட்டர் இன்னும் பத்திரமா இருக்கு சிஸ்டர். புள்ளதான் இல்ல."

சிஸ்டர் புது ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு நர்ஸின் குரல் கத்தி மாதிரி வந்தது.

"போன்லயெல்லாம் பதிய முடியாதுங்க. வரச் சொல்லுங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்."

போச்சு! ஸ்டோரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். வெளியே லாரி ஹாரன் அலறியது. அவளைத் தேடிக்கொண்டு புருஷன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"வண்டி நிக்குது, நீ இங்க என்ன பண்ற?"

"என்னங்க, மறுபடியும் அடுத்த வாரம்கிறாங்க. ஃபேனை அனுப்பத் தெரிஞ்ச உங்களுக்கு என்னை அனுப்பத் தெரியலையே!"

அவர் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கிடங்குக் குரலில் பேச ஆரம்பித்தார்.

"ராணுவக் கிடங்கு. சரக்கு ஒண்ணு இன்னிக்கே கிளம்புது. வாங்கிக்கப் போறது யாரு?"

"என்ன சரக்கு?" என்று அந்தப் பக்கம் மிரண்டது.

"உடையக்கூடியது. ஒண்ணுக்குள்ள இன்னொண்ணு இருக்கு."

அந்தக் குரலுக்கு விஷயம் விளங்கிவிட்டது போலிருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எடை?" என்றது.

"சொன்னீங்க, அவ்வளவுதான்!" என்று இவள் பாய்ந்தாள்.

"குறை ஏதாவது?"

"ரத்த அழுத்தம் ஏறியிருக்கு. கால் வீங்கியிருக்கு. வாய் கொஞ்சம் நீளம்."

பெஞ்சில் இருந்த கர்ப்பிணிகள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஐயோ, நிறுத்துங்க, எனக்கு வலியே வந்துரும்" என்றாள் ஒருத்தி.

"சரிங்க, வாங்கிக்கிட்டேன்" என்றது போன் குரல்.

"எதை வாங்கிக்கிட்டீங்க? அதையும் சொல்லணும்."

இந்தத் தடவை அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

"ஒரு தாய். வயித்துல ஒரு குழந்தை. ரெண்டு பேரையும் நான் வாங்கிக்கிட்டேன். ஸ்டேஷனுக்கு நானே வரேன்."

ஸ்டோரம்மா எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதாள். பிறகு செருப்பைச் சரியான காலுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினாள்.

ரயிலில் பாதி வழியிலேயே தலை விண்விண்ணென்று தெறித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. ரயில்தான் ஆடுகிறது என்று நினைத்தாள். ரயில் நின்ற பிறகும் அவளுக்கு எல்லாம் ஆடியது. நடைமேடையில் தள்ளுப்படுக்கையோடு, அந்தக் குரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஒல்லிப் பெண் ஓடி வந்தாள்.

"எங்க என் சரக்கு?"

அங்கேயே கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். அளவைப் பார்த்தவள் பட்டையைக்கூடக் கழற்றவில்லை. கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டே வண்டிக்குத் தள்ளினாள். பதிவெல்லாம் பிறகுதான் நடந்தது. நேரே அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள்.

பெண் குழந்தை. ஆள் கைக்கடக்கம், சத்தம் மட்டும் ஊருக்கே கேட்டது.

நாலு நாள் கழித்து, புதுக் கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் பழப்பையோடு பார்க்க வந்தார். "முதல் குழந்தையா?" என்று கேட்டார்.

ஸ்டோரம்மா வழக்கம்போல 'ஆமாம்' என்று தலையாட்டப் போனாள். அதற்குள் கிடங்குக்காரர், "இல்லீங்க, ரெண்டாவது. பெரியவன் தங்கல" என்றார்.

மூன்று வருஷமாக அவர் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. மறந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், உள்ளுக்குள் வைதுகொண்டும் இருந்தாள். வந்தவர் போகும்வரை பொறுத்திருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க அவனைப் பார்த்தீங்களா?"

"கையில வாங்கினதே நான்தானே."

"எப்படி இருந்தான்?"

அவர் குனிந்து மகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"அப்படியே உன் மூக்கு. எடுப்பா, அழகா. இவ பாவம், என் மூக்கைக் கொண்டு வந்திருக்கா."

அவள் அவருடைய அந்தப் பெரிய மூக்கை ஒரு தரம் பார்த்தாள், இந்தச் சின்ன மூக்கை ஒரு தரம் பார்த்தாள். தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.