மூச்சு விடாத பெட்டி

பெட்டியைச் சுற்றி ஒரு நடை, தாளில் ஒரு பார்வை, மறுபடியும் ஒரு நடை. வரப்போகும் மருமகளைக்கூட எந்த மாமியாரும் இப்படி அளந்து பார்த்திருக்க மாட்டார்.

விமான நிலையச் சரக்குக் கூடத்தில் அபாயமான சரக்குகளைச் சோதிக்கிற வேலை அந்த அம்மாவுக்கு. பெயிண்ட், பேட்டரி, அமிலம் எதுவானாலும் அவர் கையெழுத்துப் போடாமல் விமானம் ஏறாது. எடுத்த எடுப்பில் "ஆகாது" என்பார். அதனால் சரக்கு ஏஜென்ட்டுகள் வைத்த பெயர் 'ஆகாது அக்கா'. நேரில் கூப்பிட்டாலும் கோபமில்லை. "பேரு எப்படியோ இருக்கட்டும், பெட்டி ஒழுங்கா இருக்கா?" என்பார்.

ஏஜென்ட்டுகளில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி. சலுகை கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாந்தோம்.

"வீட்டுல எண்ணெய் பாட்டிலைச் சாய்ச்சு வெச்சாலே அன்னிக்கு யாருக்கும் சோறு கிடையாதுங்க. இங்க கேக்கணுமா?" என்று தம்பி என்னிடம் புலம்பினார்.

ஒரு பார்சல் அனுப்ப நான் போயிருந்த அன்று தம்பி கொண்டுவந்தது மருந்துப் பெட்டி. உள்ளே மருந்தைக் குளிராக வைக்க ட்ரை ஐஸ். அது உருகித் தண்ணீராகாது, வாயுவாகிக்கொண்டே இருக்கும். எடை, முகவரி, எச்சரிக்கை வில்லை என எல்லாம் சரி. தாளில் ஒரு பிசகும் இல்லை. பெட்டியைச் சுற்றி வந்த அக்கா பாதியில் நின்றுவிட்டார். மூடி லேசாக உப்பியிருந்தது.

"யாருடா கட்டினது?"

"நான்தான்க்கா. பேக்கிங் ஆள் லீவு. குளிர் வெளிய போயிடக் கூடாதுன்னு இண்டு இடுக்கு விடாம டேப் சுத்திட்டேன்."

அக்காவின் முகம் வெளுத்தது. "அடப்பாவி! மூச்சு விட வழியே இல்லாம அடைச்சிருக்கியே! எல்லாரும் தள்ளிப் போங்க!"

தம்பிக்குப் புரியவில்லை. "டேப்பை அறுத்துடலாம்க்கா. இந்த பிளேன்ல போகலைன்னா மருந்து வீணாப் போயிடும்."

"தொட்டே, கையை உடைச்சிடுவேன். வா இந்தப் பக்கம்!"

தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஓடினார். நாங்களும் ஓடினோம். அக்கா கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

டமார்!

மூடி கூரைத் தகட்டில் மோதி விழுந்தது. டேப் நார் நாராகத் தொங்கியது. வெள்ளைப் புகை தரையோடு ஊர்ந்து வந்தது. என் காதில் ஙொய் என்ற சத்தம் மட்டும்தான். அந்த மூடி ஒரு மனிதனின் முகத்தில் பட்டிருந்தால்?

வாசல் ஷட்டர்களை எல்லாம் திறக்கச் சொல்லி அக்கா கத்தினார். தம்பி மட்டும் நகராமல் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா... இந்த பிளேன்லதான் அவ போறா."

தம்பியின் மனைவி. மாசமாக இருக்கிறவள், தாய்வீட்டுக்குப் போகிறாள். மேலே அவள் உட்கார்ந்திருப்பாள், கீழே சரக்கறையில் இந்தப் பெட்டி இருந்திருக்கும்.

அக்கா கையை ஓங்கினார். அறைதான் விழப் போகிறது என்று கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஓங்கிய கை தம்பியின் பின்கழுத்தில் போய் விழுந்து, அவர் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. அடுத்த ஏஜென்ட் தாளை நீட்டினார். அக்கா இன்னொரு கையால், பொறு என்று சைகை காட்டினார்.