மஞ்சள் கதவின் மேல் ஒரு புகார்

அமெரிக்காவுக்கு வந்த முதல் ஒன்பது வருஷமும் வள்ளி வாடகை அபார்ட்மெண்டுகளின் வெள்ளைச் சுவர்களுக்குள்ளேயே காலத்தை ஓட்டினாள். ஆணி அடிக்கக்கூடாது, வண்ணம் பூசக்கூடாது. பிறகு டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் சொந்த வீடு வாங்கினார்கள். அங்கேயும் நிறங்களைத் தேர்ந்தெடுத்தது கணவர் குமாரசாமிதான். சுவர் சாம்பல், தரை சாம்பல், சோபா அதைவிடக் கொஞ்சம் இருண்ட சாம்பல். "நாளைக்கு விக்கறப்ப ஈசியாப் போகோணும்," என்றார்.

தாராபுரத்துக்காரியான வள்ளிக்கு நிறமென்றால் உயிர். டேகேரில் வேலை. நாள் முழுக்கக் குழந்தைகளோடு பெயிண்டில் கை நனைத்துவிட்டு மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால், யாரோ விளக்கை அணைத்துவிட்டது போலிருக்கும்.

மகள் யாமினி காலேஜுக்குப் போன வருஷம், ஒரு சனிக்கிழமை, வாசல் கதவுக்கு மாம்பழ மஞ்சளைத் தன் கையாலேயே பூசி முடித்தாள். குமாரசாமியைக் கூட்டிவந்து புல்தரையில் நிறுத்தினாள்.

"ஏனுங்க, எப்படி இருக்குதுங்க?"

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது புள்ள. உன் இஷ்டம்."

அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இரண்டு வாரத்தில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஈமெயில் வந்தது. அனுமதி இல்லாமல் கதவின் நிறத்தை மாற்றியிருக்கிறீர்கள், புகார் வந்திருக்கிறது, பழைய நிறத்துக்கு மாற்றுங்கள் அல்லது கூட்டத்துக்கு வந்து அனுமதி கேளுங்கள் என்றது. அந்தத் தெருவில் யாரும் அனுமதி கேட்டு வள்ளி பார்த்ததில்லை. ஒருவர் வீட்டு முன்னால் சிமெண்டு முதலை படுத்திருந்தது. இன்னொருவர் கிறிஸ்துமஸ் விளக்குகளைச் சித்திரை வரை கழற்றுவதில்லை. போன வருஷம் வள்ளி முன்புறத்தில் வைத்த செம்பருத்தியை எடுக்கச் சொல்லிச் சங்கத்திலிருந்து வந்த ஓர் ஈமெயிலைத் தவிர, யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை.

அவளுடைய சந்தேகம் எதிர்வீட்டு சாரதா மேல் விழுந்தது. சென்னைக்காரி. கதவைப் பார்த்ததுமே, "ரொம்ப பிரைட்டா இருக்கே வள்ளி!" என்று சிரித்தவள் அவள்தான். அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க வள்ளிக்கு ஆத்திரமாக வந்தது. எதிரே சாரதாவைப் பார்த்தால் கையாட்டுவதை நிறுத்தினாள். நவராத்திரிக்கு சாரதா சுண்டல் கொண்டுவந்தபோது, மணி அடித்தும் கதவைத் திறக்கவில்லை.

குமாரசாமியிடம் சொல்லி அழுதாள். "எதிர்வீட்டுக்காரிக்கு நம்மளக் கண்டா ஆகலீங்க."

"விடு புள்ள. ரூல்ஸுன்னா ரூல்ஸு. பழையபடி மாத்திப்போட்டா முடிஞ்சுது," என்றார் அவர். சாரதா அப்படிச் செய்யமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூட்டத்தன்று அவருக்கு ஆபீஸ் வீடியோ கால் இருந்தது. வள்ளி தனியாகப் போனாள். கிளப்ஹவுஸில் சாரதா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வள்ளியின் முறை வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் சாரதா எழுந்தாள். அந்தக் கதவு என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது, காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடிக்கிறேன், அதை மாற்றச் சொன்னால் எனக்குத்தான் முதலில் வருத்தம் என்றாள். முதலைக்காரரும் எழுந்து, அந்த மஞ்சளால் தெருவுக்கு எந்த நஷ்டமும் இல்லை என்றார்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. தயங்கினார். "எங்களுக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருவரும் சம்மதிக்க வேண்டும். உங்கள் கணவர்தானே இந்த நிறம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்? உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தோம்?"

வள்ளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, அந்த அறையில் எல்லோருக்கும் அது தன்னோடு சேர்ந்தே புரிவதைப் பார்த்தாள். சாரதா மெல்ல அவள் தோளில் கை வைத்தாள்.

"சாரதா, நான் உங்களைத்தான்..."

"தெரியும். கதவைத் தொறக்கலையே அன்னிக்கு," என்றாள் சாரதா. "அதை அப்புறம் பேசிக்கலாம். வாங்க, நான் டிராப் பண்றேன்."

வீட்டில் குமாரசாமி லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"சொன்னா நீ வருத்தப்படுவே. சங்கத்துக்காரங்க சொன்னா ரூல்ஸுன்னு நீயே விட்டுருவேன்னு நெனச்சேன்."

"நான் அந்தம்மாவைத் திட்டித் திட்டி அழுதேனே. பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

அவளுக்குப் போன வருஷத்துச் செம்பருத்தி ஈமெயில் நினைவுக்கு வந்தது.

"அதும் நீங்கதானுங்களா?" என்று கேட்டாள்.

அவர் லேப்டாப் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். 'பிடிக்கவில்லை' என்று மூஞ்சிக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். இப்போது, இருபது வருஷமாக அவர் சொன்ன 'உன் இஷ்டம்' ஒவ்வொன்றும் அவள் முன்னால் வந்து நின்றது. எதை நம்புவது?

மறுவாரம் குமாரசாமி ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றார். அனுமதி வந்தது. ஜெயித்துவிட்டதாக வள்ளிக்குத் தோன்றவே இல்லை. சாரதா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அது சுலபமாகத்தான் முடிந்தது, காபியோடு.

வீட்டில்தான் முடியவில்லை. குமாரசாமி இப்போதெல்லாம் அவள் கேட்காமலேயே, "கதவு பளிச்சுனு இருக்குது புள்ள," என்கிறார். நிஜமாகவேகூட இருக்கலாம். "ஓ, அப்படீங்களா," என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கிறாள்.