முருகன் அட்டை போட்ட கவிதைப் புத்தகம்

நாங்கள் கடல்கடந்து குடியேறிய டூங்கபியில் என் வீட்டுக் கராஜ்தான் எங்கள் பதிப்பகத்தின் கிடங்கு. கார் வெளியே வெயிலில் காயும், கவிதைகள் உள்ளே நிழலில் இருக்கும். புத்தகம் போடுவது பெரிய விஷயமில்லை. சென்னைக்கு ஃபைலை அனுப்பினால் அச்சாகிவிடும். அதை வாசகர் கையில் சேர்ப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். இங்குள்ள புத்தகக் கடைகள் தமிழைத் தொடாது. மளிகைக் கடைக்காரர் முறுக்குப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இடம் கொடுப்பார், தீபாவளி வந்தால் எடுத்துவிடுவார். வெளியீட்டு விழாவில் வாங்குகிறவர்கள் மேடையில் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பினால் புத்தக விலையைவிடத் தபால் செலவு அதிகம். ஆகவே, ஊருக்குப் போகிறவர்களின் பெட்டிதான் எங்களுக்கு விநியோகஸ்தர்.

போன வருடம் நாங்கள் புத்தகம் போட்ட கவிஞர் அகதியாகப் படகில் வந்தவர். தற்காலிக விசாவில் இருக்கிறார், ஊருக்குப் போக முடியாது. மனைவி கிளிநொச்சியில். தொகுப்பு முழுக்க மனைவியைப் பற்றித்தான். கணவர் கவிதை எழுதுவதே அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"சொல்லாதேங்கோ அக்கா, கையில கிடைக்கட்டும்" என்றார் கவிஞர்.

மேய்ஸ் ஹில் கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் ஊருக்குப் புறப்பட்டார். அவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன்.

"கவிதையோ? அரசியல் ஒண்டும் இல்லையே, பிள்ளை?"

"இல்ல ஆன்ட்டி, எல்லாம் பொண்டாட்டியப் பத்தித்தான்."

"ஓம், அப்ப தாங்கோ."

ஆன்ட்டி போய்த் திரும்பியும் வந்துவிட்டார். கூடவே அனுப்பிய சாக்லேட் கிடைத்தது என்று மனைவி போனில் சொன்னாராம். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவிஞரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அவளுக்குப் பிடிக்கேல்லை அக்கா. மிச்சத்தையும் ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. நான் இனி எழுதப்போறேல்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரமே கோயிலில் ஆன்ட்டியைப் பிடித்தேன்.

"குடுத்தனான் பிள்ளை! ஆனா பின் அட்டையில படகில வந்தவர், தடுப்பு முகாமில இருந்தவர் எண்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கிறீங்கள். எயார்போட்டில பாத்தாங்கள் எண்டா? அட்டையையும் பேர் இருந்த தாளையும் கிழிச்சுப்போட்டு, கோயில் கலண்டர் முருகனை வடிவா ஒட்டினனான்."

அந்தப் பின் அட்டைக் குறிப்பு நான் மெனக்கெட்டு எழுதியது.

"கொடுக்கும்போது என்ன சொன்னீங்க?"

"சனம் நிண்டது. அவர் தந்துவிட்டவர், கவனமா வையும் எண்டனான்."

அன்று மாலையே கவிஞரைக் கராஜுக்கு வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"அந்த முருகன் படம் போட்ட புத்தகம் எங்க?"

"சாமித்தட்டில இருக்குதப்பா. வெள்ளிக்கிழமையில பூ வைக்கிறனான்."

"திறந்து பாத்தனீரோ?"

"தேவாரம் எல்லாம் எனக்குப் பாடம்தானே. ஏன்?"

"எடுத்துத் திறந்து பாரும்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு தாள்.

"இது... எங்கட கிணத்தடி. இது ஆர் எழுதினது?"

எனக்குத்தான் பொறுக்காதே. "உங்க வீட்டுக்காரர்தாம்மா!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"போனை வையுங்கோ. வாசிச்சு முடிச்சிட்டு எடுக்கிறன்."

அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு, விற்காத புத்தகப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பதிப்பக வரலாற்றில் ஒருவர் புத்தகத்தை வாசித்து முடிப்பதற்காக நாங்கள் காத்திருந்தது அன்றுதான். நான் டீ போட எழுந்தேன்.