அரை மூட்டை விதைநெல்

போருக்கு ஆள் எடுத்தபோது அந்த ஊரிலிருந்து பதினோரு பேர் போனார்கள். பீரங்கி மட்டும் ஊரிலேயே இருந்துவிட்டாள். பீரங்கி என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். கால்வாயின் இந்தக் கரையில் அவள் வாயைத் திறந்தால் அந்தக் கரையில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். புருஷன் பட்டாளத்துக்குப் போய் ஏழு மாதம். ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு ஜோடி மாடு, கைக்குழந்தை, மாமனார் எல்லாம் இப்போது அவள் பொறுப்பு. இதில் மாமனாரைச் சமாளிப்பதுதான் கொஞ்சம் சிரமம். மற்றபடி மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவள்.

வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் பட்டாளத்துக்குத் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. உள்ளறையில் இரண்டு மூட்டைகள் இருந்தன. ஒன்று விதைநெல். ஊர் வழக்கப்படி அடையாளத்துக்கு அதன் வாயில் சிவப்புக் கயிறு. மற்றது இரண்டு வருஷத்துப் பழைய நெல். சோற்றுக்கு அருமை, மண்ணில் போட்டால் முளைக்காது. கொடுப்பதற்கென்று வைத்திருந்தது அதைத்தான். இந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு புரளி கிளம்பியது. வருகிறவர்கள் சிவப்புக் கயிறாகப் பார்த்துத்தான் தூக்குகிறார்களாம், விதைநெல்தான் வீட்டிலேயே உசத்தி என்று தெரிந்துகொண்டார்களாம்.

பீரங்கியா அசருவாள்? முதல் நாளே கயிற்றை அவிழ்த்துப் பழைய நெல் மூட்டையில் கட்டிவிட்டாள். மாமனாரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மனிதர் அரை நாள் ஆலோசனை நடத்துவார்.

மறுநாள் வண்டி வந்தபோது மாமனார் வயலில் இருந்தார். வந்தவர்கள் ஒன்றும் முரடர்கள் இல்லை. "எதைத் தர்றீங்கம்மா?" என்று மரியாதையாகவே கேட்டார்கள்.

"சிவப்புக் கயிறு கட்டினதை எடுத்துக்குங்க அண்ணே. இருக்கிறதுலயே அதுதான் உசத்தி" என்றாள் பீரங்கி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

மத்தியானம் மாமனார் வந்தார். "என்னம்மா, தூக்கிட்டுப் போயிட்டானுங்களா?"

"சிவப்புக் கயிறைத்தான் மாமா தூக்கினாங்க!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, நான் காலையிலேயே கயிறை மாத்திக் கட்டிட்டேன்!"

பீரங்கியின் சிரிப்பு அப்படியே நின்றது. "நீங்க மாத்தினீங்களா? நான் நேத்தே மாத்திட்டேனே மாமா!"

மாமனார் இருட்டறையில் கயிற்றைத் தடவிப் பார்த்தாரே தவிர, நெல்லைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் ஓடிப்போய் மிச்சமிருந்த மூட்டைக்குள் கைவிட்டு ஒரு மணியைக் கடித்துப் பார்த்தாள். பழைய நெல்தான். கால்வாயில் தண்ணீர் விட்டாயிற்று. ஆறு நாளில் நாற்றங்கால் விட வேண்டும். விதைக்காத நிலத்தை வேறு ஆளுக்கு உழக் கொடுத்துவிடுவார்கள், அதுவும் போர்க்கால உத்தரவு. புருஷன் திரும்பி வரும்போது நிலம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

பழைய நெல் மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மூன்று மைல் தள்ளிக்கொண்டு அவளே பட்டாளத்து நெல் கிடங்குக்குப் போனாள். அங்கே மூட்டைகளின் வாயை அறுத்து ஒரே குவியலாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குவியல் ஓரத்தில் ஒரு ஆள் அவள் மூட்டையின் சிவப்புக் கயிற்றை அறுத்துவிட்டு மூட்டையைச் சாய்த்திருந்தான்.

"நிறுத்துய்யா!"

கிடங்கே நின்றது. தராசுக்காரர் எடைக்கல்லைக் காலில் போட்டுக்கொண்டார். அந்த ஆள் பயந்துபோய் மூட்டையை நிமிர்த்தினான். அதற்குள் பாதி கொட்டிவிட்டது.

கிடங்கு மேலாளர் வந்தார். "உள்ள வந்த நெல்லு வெளிய போகாதும்மா. சட்டம்."

"வெளிய போக வேணாங்கய்யா, நெல்லுக்கு நெல்லு மாத்திக் குடுங்க. என் வீட்டுக்காரரும் பட்டாளத்துலதான் நிக்கிறாரு. இந்த வருஷம் விதையைத் தின்னுட்டா அடுத்த வருஷம் எதைத் தின்னுட்டுச் சண்டை போடுவாரு?"

மேலாளர் தலையைச் சொறிந்தார். பிறகு மிச்சமிருந்த அரை மூட்டையை அவளிடம் கொடுத்து, அதற்கு ஈடாக அரை மூட்டைப் பழைய நெல்லை எடுத்துக்கொண்டார். கொட்டினது கொட்டினதுதான்.

அரை மூட்டையைப் பார்த்ததும் மாமனார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பாதி நிலத்துக்குக்கூடக் காணாதேம்மா!"

"காணும் மாமா. ஒத்தை நாத்தா நடுவோம்."

அவர் முகம் சிவந்தது. நடுகிற ஒவ்வொரு குத்துக்கும் ஆறு நாற்று வைப்பது அவர் வழக்கம். ஒற்றை நாற்று போதும், வேருக்கு இடம் இருந்தால் அடியிலிருந்து கிளைத்துத் தானே தூர் கட்டும் என்று மகன் மூன்று வருஷம் மன்றாடியிருக்கிறான். 'எனக்கே விவசாயம் சொல்லித்தர்றியா' என்று அவர் அவனோடு பேச்சையே குறைத்துக்கொண்டார். பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்றுகூட, "உடம்பைப் பார்த்துக்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இப்போது வேறு வழியும் இல்லை.

நட்ட வயலைப் பார்த்து ஊரே சிரித்தது. "என்ன பீரங்கி, நாத்தையும் பட்டாளத்துக்கே குடுத்துட்டியா?" என்றாள் பக்கத்து வயல்காரி. "அடுத்த மாசம் வந்து பாரு, அப்புறம் பேசு" என்றாள் இவள். அடுத்த மாதம் அந்தப் பக்கத்து வயல்காரி வரப்பில் குந்தித் தூரை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குத்தும் இருபது, இருபத்தைந்து தூர் வெடித்து, வரப்பிலிருந்து பார்த்தால் தரை தெரியாமல் நின்றது.

அன்று மாமனார் வயலை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். வீட்டுக்கு வந்ததும் மகனுக்குக் கடிதம் எழுதக் காகிதம் எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மாடு நலம், குழந்தை நடக்கிறாள், பயிர் நன்றாக இருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டு அவர் வாசல் வழியே வயல் பக்கம் பார்த்தார்.

"'நீ சொன்னதுதான் சரி'ன்னு எழுதட்டுமா மாமா? படிச்சா துள்ளிக் குதிப்பாரு."

"வேணாம்" என்றார் அவர். "அதை நான்தான் சொல்லணும். அவன் வரட்டும். வரப்புல நிக்க வெச்சு, ஊரு கேக்க நானே சொல்றேன்."

ஒன்பது மாதமாக ஒரு சொட்டுக்கூட விடாத கண் அவளுக்கு நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப சீக்கிரம் வரச் சொல்லி எழுதறேன்" என்றாள்.

"அதை எழுது" என்றார் மாமனார். "கொட்டை எழுத்துல எழுது."