வெள்ளைக்கருவில் இருக்கும் என்சைம்

விடுமுறைக்கு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனால் என் வீட்டிலேயே எனக்குத் தனித் தண்ணீர். மற்றவர்கள் குழாய்த் தண்ணீர் குடிக்க, அம்மா எனக்கு மட்டும் கடைக் கேனைத் திறப்பார். அதுகூடப் பழகிவிட்டது; தெருவில் ‘டாக்டரம்மா’ என்று கூப்பிடுவதுதான் பழகவில்லை. நான் வைத்தியம் படித்தவள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த படிகங்களுக்குள் என்சைம்களை அடைத்து, உள்ளே அவை எப்படி அசைகின்றன, எப்படி வேலை செய்கின்றன என்று ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பவள்.

2013-இல் அப்படிப் போயிருந்தபோது, மாடி அறையில் குடியிருந்த செல்வம் என்னைப் பார்க்க வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் சட்டையைக்கூட மாற்றவில்லை. இடுப்பில் மகள் ஜெனி. கைகால் மெலிந்து, வயிறு மட்டும் உப்பியிருந்தது.

“யக்கா, பாப்பா ஒடம்புல ஒரு என்சைம் இல்லன்னு டாக்டர் சொல்லுதாரு. நீங்க என்சைமக் கெடாம வைக்கியளாமே, அப்பா சொன்னாவ.”

படிகத்துக்குள் வைத்தால் சூட்டிலும் என்சைம் கெடாது என்று ஒருமுறை போனில் நான் பெருமையடித்தது, அப்பா வழியாக மாடிக்குப் போயிருக்கிறது.

மடிக்கணினியைத் திறந்து படம் காட்டினேன். துளை சின்னதாக இருந்தால் என்சைம் நெளிய முடியாது, பெரிதாக இருந்தால் நழுவி வெளியேறிவிடும், நடுவில் ஓர் அளவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் கூடியது. அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எந்த என்சைம்க்கா?”

“கோழிமுட்டை வெள்ளைக்கருவுல இருக்கிறது.”

சற்று யோசித்தார். “அப்ப, பாப்பாவுக்கு முட்டை குடுத்தா சரியாயிருமா?”

கணினியை மூடினேன். இது வேறு என்சைம், இது மருந்தே இல்லை, மருந்தாக எத்தனை வருடம் ஆகுமென்றும் எனக்குத் தெரியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. “அதனால என்னக்கா, ஒங்க வேலயக் கெடுத்துட்டேன்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாதான் கேட்டார்: “ஆறுதலா ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே.”

“பொய்யாயிடும்பா.”

“அப்போ இன்னாத்துக்கும்மா அவ்ளோ தூரம் போன?”

அந்த ஊரிலேயே முதலில் ஆராய்ச்சிக்கென்று வெளிநாடு போனவள் நான்.

ஜெர்மனி திரும்பிய சில மாதங்களில் என் சோதனை பலித்தது. படிகத்துக்குள் என்சைம் தாராளமாக அசைந்தது, வேலையும் செய்தது. மதியம் எல்லோரும் கேக் வெட்டினார்கள். அப்போதுதான் அப்பா போன் செய்தார். ஜெனி இறந்துவிட்டாள், செல்வமும் மனைவியும் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டார்கள்.

என் முகத்தைப் பார்த்து, பக்கத்து மேசை காத்ரின் என்னவென்று ஜெர்மனில் விசாரிக்க, ஒரு குழந்தை இறந்துவிட்டது என்றேன். பதறிப்போய்க் கேட்டாள்: “யார், உன் வீட்டுக் குழந்தையா?”

“இல்லை. அப்பா வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களின் குழந்தை.”

“அப்பாடா, பயந்துவிட்டேன்” என்று என் தோளைத் தட்டிவிட்டு, ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினாள். அவள் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லை. நானும் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு நன்றி சொன்ன ஜெர்மன் வார்த்தை, துண்டிக்காமல் கையில் வைத்திருந்த போனிலும் கேட்டிருக்க வேண்டும்.

“இன்னாம்மா சொல்ற? லைன்ல கீறியா?” என்றார் அப்பா.

“இருக்கேன்பா” என்றேன்.